வைரத்தின் பட்டையையும் காட்டுங்கள்: சேலத்து நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் கடைவீதி, அக்ரஹாரம், சொர்ணபுரி, ஐந்து ரோடு பகுதிகளில் நகைக்கடை நடத்தும் முதலாளிமார்களுக்கும், உங்கள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் இதே ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் தாலிக்கொடி முதல் பிள்ளைகளின் அரைஞாண் வரை எல்லாமே உங்கள் கடைகளில் எடுத்ததுதான். வரும் தை மாதம் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு ஒரு ஜோடி வைரத் தோடு போட வேண்டும் என்று அக்கா பல வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தத் தோட்டுக்காக உங்கள் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கினோம். அதே நாட்களில் கல்யாணப் பெண்ணும் அவள் தம்பியும் செல்போனில் வைரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மனதில் பட்டதை எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வைரம் மின்னுவதும் மங்கிக் கிடப்பதும் அதற்குப் பட்டை தீட்டிய விதத்தில் இருக்கிறது. நீங்கள் எங்களிடம் எடை சொல்கிறீர்கள், கலர் சொல்கிறீர்கள், கிளாரிட்டி சொல்கிறீர்கள். கட் எப்படி என்று கேட்டால் பதில் வருவதில்லை. இணையத்தில் விற்கிறவர்கள் அந்தக் கணக்கை எங்கள் முன்னால் விரித்து வைக்கிறார்கள். ஆனால் கல்லைக் கையில் எடுத்துத் தர அவர்களால் முடியாது, உங்களால் முடியும். கல்லும் கணக்கும் சேர்ந்து சேலத்திலேயே கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. நீங்கள் மனது வைத்தால் நடக்கும்.

ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், இது ஒரு கடையின் குறையும் இல்லை. பொறுமையான ஒரு விற்பனையாளர் வெல்வெட் தட்டில் இரண்டு பொட்டலங்களைப் பிரித்து வைத்தார். இரண்டிலும் 30 சென்ட் கல் (நூறு சென்ட் ஒரு காரட்). இரண்டும் இ-எஃப் கலர் (நிறமே இல்லாத உயர்தரம்), வி.வி.எஸ். கிளாரிட்டி (உள்ளே மிக மிகச் சிறிய குறைகள் மட்டுமே உள்ள தரம்), சென்ட் விலையும் ஒன்றேதான். "கட் எப்படிங்க?" என்று கேட்டேன். "ரவுண்ட் கட்டுங்க மேடம்" என்றார். "வடிவம் தெரியுதுங்க, பட்டையோட கோணம், ஆழம் எல்லாம் எப்படி?" என்றேன். அவர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர், "எல்லாமே பெல்ஜியம் கட்டுதாங்க, கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

கவுண்டருக்கு மேலே இருந்த ஸ்பாட் விளக்குகளில் இரண்டு கல்லும் ஒரே மாதிரிதான் ஜொலித்தன. அனுமதி கேட்டுத் தட்டை மாடிப்படி ஓரம் இருந்த சாதாரண டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோனோம். அங்கே ஒரு கல் அப்படியே உயிரோடு இருந்தது, விரலை லேசாக அசைத்தாலும் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடின. இன்னொன்றின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் உட்கார்ந்திருந்தது. பொட்டலத்துக்குள் மடித்து வைத்திருந்த சான்றிதழ்களைப் பிரித்துப் பார்த்தேன். முதல் கல்லின் விட்டம் 4.30 மில்லிமீட்டர், மொத்த ஆழம் விட்டத்தில் 61.5 சதவீதம். இரண்டாவதன் விட்டம் 4.15, ஆழம் 66 சதவீதத்துக்கும் மேல். அதாவது இரண்டாவது கல்லின் எடையில் ஒரு பங்கு யாரும் பார்க்க முடியாத அடிப்பகுதியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே அகலம் குறைவு, ஒளியும் குறைவு, விலை மட்டும் அதே விலை. அந்த விற்பனையாளரே ஆச்சரியப்பட்டுப் போனார். சான்றிதழ் கடையில்தான் இருந்தது, அதைப் படித்துச் சொல்ல யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இதில் என் பாடமும் கொஞ்சம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5, வைரத்துக்கு 2.42. அதனால் கண்ணாடிக்கு 42 டிகிரி அளவில் இருக்கும் மாறுநிலைக் கோணம் வைரத்துக்கு 24 டிகிரி சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. மேலிருந்து உள்ளே புகுந்த ஒளி அடிப்பட்டையில் அதைவிடப் பெரிய கோணத்தில் விழுந்தால் வெளியேற வழியில்லை. முழு அக எதிரொளிப்பு நடந்து எதிர்ப்பட்டையில் மோதி, மேலே திரும்பி நம் கண்ணுக்கு வரும். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வருடா வருடம் நடத்துவது இது. கல்லுக்கு இயற்கை கொடுத்த அந்தக் குணத்தை ஒளியாக மாற்றுவது பட்டை தீட்டுகிறவரின் கை. அடிச்சாய்வு குறைந்து கல் தட்டையாகிவிட்டால், மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு வளையத்தின் பிம்பம் உள்ளே வெளிறிய வட்டமாகத் தெரியும், தொழிலில் இதை மீன்கண் என்பார்கள். சாய்வு கூடி ஆழமாகிவிட்டால் நடுவில் கறுப்பு அடைத்துக்கொள்ளும். நான் டியூப்லைட்டில் பார்த்த மங்கல் அந்த வகை.

பெல்ஜியத்து வைரத் தொழில் குடும்பத்தில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் 1919-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். கல்லின் உச்சியில் இருக்கும் தட்டையான மேல்முகம் விட்டத்தில் 53 சதவீதம், அதைச் சுற்றிய பட்டைகளின் மேற்சாய்வு 34.5 டிகிரி, கீழ்ப்பாதிப் பட்டைகளின் அடிச்சாய்வு 40.75 டிகிரி. நூறு வருடம் தாண்டியும் நல்ல வட்டக் கல்லின் கணக்கு இதைச் சுற்றியேதான் நிற்கிறது. மேல்முகம் 54 முதல் 58 சதவீதம், மொத்த ஆழம் 60 முதல் 62.5, அடிச்சாய்வு 40.6 முதல் 41 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் கல் ஏமாற்றாது. வைரத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் தரும் ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனம் 2006 முதல் வட்டக் கல்லின் சான்றிதழில் கட் தரத்தையும் சேர்த்து எழுதுகிறது: எக்ஸலண்ட், வெரி குட், குட், ஃபேர், புவர். எக்ஸலண்ட் என்ற தரத்துக்குள்ளும் கொஞ்சம் ஆழமான கல், கொஞ்சம் தட்டையான கல் எல்லாம் அடங்கும். அதனால்தான் தரத்தோடு நிற்காமல் கோணங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல் ஏன் ஆழமாகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 30 சென்ட், 50 சென்ட், ஒரு காரட் என்ற படிகளைத் தொட்டால் சென்ட் விலையே ஏறுகிறது. 27 சென்ட்டில் அழகாக முடியவேண்டிய கல்லை, அடியில் சதையை விட்டு 30 சென்ட்டாக நிறுத்தினால் விற்கிறவருக்கு லாபம். சூரத்தில் தீட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எடைக்கு மட்டும் காசு கொடுக்கிற சந்தை அவரை அப்படித் தீட்ட வைக்கிறது, அந்தச் சந்தையில் நம் ஊரும் ஒரு பங்கு. திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அவர்களிடம் கேட்டால், பட்டையின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் கல் செத்துவிடும் என்று சொல்வார்கள்.

நம் பெரியவர்கள் வைரம் வாங்கும்போது காகபாதம் இருக்கிறதா, கீற்று ஓடுகிறதா, புள்ளி இருக்கிறதா என்று தோஷம் பார்த்து வாங்கினார்கள். அந்தக் கவனம்தான் இன்றைக்கு வி.வி.எஸ். மேல் இவ்வளவு பிடிப்பாக இருக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வி.வி.எஸ். கல்லுக்கும் அதற்கு அடுத்த படியான வி.எஸ். கல்லுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும். கட் வித்தியாசம் கல்யாண மண்டபத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தியம்மாவுக்குத் தெரியும். கிளாரிட்டியில் ஒரு படி இறங்கி, மிச்சமாகும் பணத்தை நல்ல கட்டில் போடுங்கள் என்று எங்களுக்கு யோசனை சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். இதுவரை எந்தக் கவுண்டரிலும் அந்த யோசனையை நான் கேட்கவில்லை.

சரி, இணையத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் காட்டியதைப் பார்த்து எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. எடை, கலர் போலவே ஆழம், மேல்முகம், கோணம் எல்லாவற்றையும் அளவு குறித்துச் சலித்தெடுக்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் சான்றிதழின் முழுப் பிரதி இருக்கிறது. அந்த எண்ணை ஜி.ஐ.ஏ. அல்லது அதைப் போன்ற ஐ.ஜி.ஐ. நிறுவனத்தின் தளத்தில் போட்டால் அதே விவரம் வருகிறதா என்று வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். கல்லைச் சுழற்றிக் காட்டும் வீடியோ இருக்கிறது. சில தளங்களில் அசெட் படமும் உண்டு. கல் எந்தத் திசையிலிருந்து ஒளியை வாங்கித் திருப்புகிறது என்பதைச் சிவப்பு, பச்சை, நீலமாகக் காட்டும் படம் அது. சிவப்பு நிறைந்து சீராக இருந்தால் கல் நன்றாக ஒளி திருப்புகிறது. ஒளி ஒழுகும் இடம் வெளுப்பாகவோ கறுப்பாகவோ விழும். பதினெட்டு வயதுப் பையன் இதைப் பார்த்து, "சித்தி, இந்தக் கல் லீக் ஆகுது" என்று சொல்கிறான். அவனிடம் "பெல்ஜியம் கட்டுங்க" என்று சொல்லி ஒரு கடைக்காரர் எப்படி விற்க முடியும்?

ஆனால் அங்கே இல்லாதவையும் நிறைய. வீடியோ எல்லாம் பெரிதாக்கி, அவர்கள் அமைத்த விளக்கில் எடுத்தது. காதில் போட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று அதில் தெரியாது. மும்பை, சூரத் வியாபாரிகள் பி.ஜி.எம். என்று ஒன்றைச் சொல்வார்கள், பிரவுன், கிரீன், மில்க்கி. லேசான பழுப்புச் சாயல், பச்சைச் சாயல், பால் கலந்த மாதிரி ஒரு மங்கல். சான்றிதழில் பெரும்பாலும் இது தனியாகக் குறிக்கப்படுவதில்லை, படத்திலும் பிடிபடாது. வெள்ளைக் காகிதத்தின் மேல் கல்லைக் கவிழ்த்து வைத்து நிழலான பகல் வெளிச்சத்தில் பார்க்கும் அனுபவசாலியின் கண்ணுக்கு உடனே பிடிபடும். அந்தக் கண் உங்கள் கடைகளில் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இருக்கிறது. அதை ஏன் எங்களுக்குப் பயன்படாமல் உள்ளேயே வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

சென்னையில் 2008-ல் தொடங்கிய கேரட்லேனும், பெங்களூரில் 2011-ல் தொடங்கிய புளூஸ்டோனும் இணையத்தில் பிறந்த கடைகள். இன்று இரண்டும் ஊர் ஊராக நேரடிக் கடை திறக்கின்றன. நம் மக்கள் கையில் எடுத்துப் பார்க்காமல் வைரம் வாங்கத் தயங்குகிறார்கள் என்பது அவர்களுக்கே புரிந்ததால்தானே? இணையத்திலிருந்து அவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். தெருவில் ஏற்கெனவே இருக்கும் நீங்கள் கணக்குப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தால் போதும்.

என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவருக்கு ஏற்காடு. போன வருடம் அவர் இணையத்தில் ஒரு வைர மோதிரம் வாங்கினார். மலைமேல் இருக்கும் முகவரிக்கு இவ்வளவு விலையுள்ள பொருளைக் கொண்டுவர முடியாது என்று கூரியரில் சொல்லிவிட்டார்கள், சேலத்தில் எங்கள் வீட்டு முகவரியைத்தான் கொடுத்தார். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டோம், முத்திரையும் சான்றிதழ் எண்ணும் சரியாக இருந்தன. உண்மையிலேயே அருமையான கல். ஆனால் மோதிரம் விரலுக்குத் தளர்வு. சரிசெய்து தரச் சொல்லிக் கடைவீதியில் கேட்டபோது, "எங்ககிட்ட வாங்காத பொருளைத் தொட மாட்டோங்க" என்று ஒன்றுக்கு மூன்று கடையில் திருப்பி அனுப்பினார்கள். அவர் மனம் நொந்து மோதிரத்தைத் திருப்பி அனுப்பி, மாற்றி வாங்கினார். எனக்கு அது வருத்தமாக இருந்தது. கல் உடைந்தால் யார் பொறுப்பு என்ற உங்கள் பயம் நியாயம்தான். லூப்பில் பார்த்து, கல்லின் நிலையை இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டில் எழுதிக்கொண்டு, கூலியைச் சொல்லி வாங்கிச் செய்து கொடுக்கலாம். கல் ஆடுகிறதா என்று காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தே சொல்லும் ஆசாரிகள் இருக்கிற ஊர் இது. இன்று மோதிரம் சரிசெய்ய வந்தவர் நாளைக்குத் தோடு வாங்க வருவார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இணையத்தில் காட்டும் ஆயிரக்கணக்கான கற்களை அந்தக் கடைகள் எல்லாம் காசு கொடுத்து வாங்கி அடுக்கி வைத்திருக்கவில்லை. பெரும்பாலானவை சூரத், மும்பை வியாபாரிகளிடம் இருக்கும் கற்கள். பட்டியல் மட்டும் தளத்தில் ஓடும், நாம் பணம் கட்டிய பிறகு கல் அங்கிருந்து கிளம்பும். ஒரே சான்றிதழ் எண்ணுள்ள கல்லை வேறு வேறு தளங்களில் வேறு வேறு விலையில் பார்த்தபோதுதான் எங்களுக்கு இது புரிந்தது. உலகத்து வைரங்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகிறது என்பார்கள். உங்கள் ஷோகேஸில் இருக்கும் கல்லும் பிள்ளைகளின் செல்போனில் இருக்கும் கல்லும் ஒரே ஊரிலிருந்துதான் வருகின்றன. மும்பையில் பாரத் டயமண்ட் போர்ஸ் என்ற வைரச் சந்தை இருக்கிறது, சூரத்தில் 2023 டிசம்பரில் அவ்வளவு பெரிய வைரச் சந்தையைத் திறந்திருக்கிறார்கள். அங்கே உங்களுக்கு ஆட்கள் உண்டு. எங்களுக்குக் கிடையாது.

அதனால் நான் கேட்பது இதுதான். வாடிக்கையாளர் வந்து, "30 சென்ட், எஃப் கலர், வி.எஸ்., எக்ஸலண்ட் கட், அடிச்சாய்வு 41-க்குள்" என்று கேட்டால், ஷோகேஸில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்காமல், அவர் கேட்ட அளவில் மூன்று நான்கு ஜோடியைச் சான்றிதழோடு வரவழையுங்கள். முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கல்லைப் பதிக்கும் முன்பு உதிரியாகவே எங்கள் கண்ணில் காட்டுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் இங்கேயே நம் ஆசாரியை வைத்துப் பதித்துக் கொடுங்கள். கல்லுக்கு விலை, தங்கத்துக்கு விலை, செய்கூலி, சேதாரம், வரி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் உழைப்புக்கு என்ன வேண்டுமோ அதை வெளிப்படையாகச் சேருங்கள். இணைய விலையைவிடக் கொஞ்சம் கூட இருந்தாலும் நான் கொடுப்பேன், என்னைப் போல நிறையப் பேர் கொடுப்பார்கள். கல்லைப் பார்த்து எடுத்தோம், ஏதாவது என்றால் பேச ஆள் இருக்கிறது என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இணையக் கடைகள் சில நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பதைப் பெரிய சலுகையாக விளம்பரம் செய்கின்றன. நம் பக்கத்தில் இது புதிதா என்ன? வைரம் ராசி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கல்லை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, சில நாள் பூஜை அறையில் வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொன்னவர்கள் உங்கள் தாத்தாக்கள். என் பாட்டியின் பேசரிக் கல் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது. அந்த நம்பிக்கையை நீங்கள் விட்டுவிட்டீர்கள், வேறு யாரோ அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சான்றிதழ் எண் லேசரில் இடுப்பில் பொறித்த கல் என்றால், கொடுத்த கல்தான் திரும்பி வந்ததா என்று லூப்பை வைத்து நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். தாத்தா காலத்தில் அந்த வசதிகூட இல்லை. ராசிக்குப் பார்ப்பவர்கள் ராசிக்குப் பார்க்கட்டும், என்னைப் போன்றவர்கள் காலை வெளிச்சம், மழை மூட்டம், வீட்டு டியூப்லைட் என்று எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்கிறோம்.

ஏழு கல் தோடு, மூக்குத்தி போன்ற சின்னக் கல் நகைகளில் ஒவ்வொரு கல்லுக்கும் சான்றிதழ் கேட்க முடியாது, அது எனக்கும் தெரியும். இரண்டு சென்ட் கல்லுக்குச் சான்றிதழ் கூலி கட்டுப்படியாகாது. ஆனால் ஃபுல் கட்டா, சிங்கிள் கட்டா என்றாவது பில்லில் எழுதலாம் அல்லவா? ஃபுல் கட்டுக்கு 57 பட்டை, சிங்கிள் கட்டுக்கு 17. இரண்டுக்கும் மினுக்கு வேறு, விலையும் வேறு. ஏழு கல்லும் ஒரே மாதிரி ஒளி தருகிறதா என்று சாதாரண வெளிச்சத்தில் வைத்துக் காட்டினால் அதுவே பெரிய உதவி.

லேப்பில் வளர்த்த வைரம் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது பொய்க் கல் இல்லை, அதுவும் கார்பன்தான், பட்டை நன்றாக இருந்தால் அதுவும் அருமையாக ஒளிவிடும். விரும்பி வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் இயற்கைக் கல்லோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு குறைவு, திரும்ப விற்கும்போது கிடைப்பதும் குறைவு. கவுண்டரில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரைத் தொட்டு, பீப் சத்தம் கேட்டதும் "பார்த்தீங்களா, ஒரிஜினல்" என்று சொல்கிறார்கள். வெப்பம் கடத்துவதை வைத்துச் சொல்லும் அந்தக் கருவி லேப் வைரத்துக்கும் அப்படியேதான் சத்தம் கொடுக்கும், பெரும்பாலும் வைரம் போலவே தெரியும் மாய்ஸனைட் என்ற வேறு கல்லுக்கும் கொடுக்கும். அந்தச் சத்தத்தை ஆதாரமாகக் காட்டி விற்பதை நிறுத்துங்கள். தட்டு தனி, சீட்டு தனி, பில்லில் "லேப் வைரம்" என்று தமிழில் எழுத்து தனி என்று பிரித்து வையுங்கள்.

"யாருமே கட் கேட்கறதில்லையேம்மா, கேட்டால்தானே காட்ட முடியும்" என்று ஒரு முதலாளி என்னிடம் சொன்னார். தங்கத்துக்கு ஹால்மார்க் வந்தபோதும் இதே பேச்சுதான் இருந்தது. கே.டி.எம். நகையை நம்பிக்கையின் பேரில் வாங்கிக்கொண்டிருந்தோம், யாரும் முத்திரை கேட்கவில்லை. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி) இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது என்று வந்தது. இன்று அந்த எண்ணைச் செல்போனில் தட்டிப் பார்த்து வாங்குகிற அம்மாக்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், உங்கள் வியாபாரமும் படுத்துவிடவில்லை. அந்த முத்திரை தங்கத்துக்கும் வெள்ளிக்கும்தான். வைரத்துக்கு அப்படி ஓர் அரசு முத்திரை கிடையாது. ஒரே தோட்டில் தங்கத்துக்கு எண் இருக்கிறது, அதைவிட அதிக விலையுள்ள கல்லுக்கு உங்கள் வாய்வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்க வரும் வெளியூர் வியாபாரி வெள்ளி என்ன டச், அதாவது எவ்வளவு சுத்தம், என்று கேட்காமல் விலை பேசுவதில்லை. தரத்தைக் கேட்டு வாங்குவது இந்த ஊருக்குப் பழக்கமான காரியம்.

சட்டத்தைக் காட்டிப் பேச நான் வரவில்லை. ஆனாலும் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராமல் விற்பதையும், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்றுதான் சொல்கிறது. இணையக் கடை மீது புகார் என்றாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். எனவே "ஏதாவது ஆனால் அவங்களை எங்கே போய்த் தேடுவீங்க" என்று கவுண்டரில் சொல்லும் பயமுறுத்தல் இனி எடுபடாது. வேறு நல்ல காரணங்கள் உங்களிடம் நிறைய இருக்கின்றன, அவற்றைச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினால் சுங்க வரி, திருப்பி அனுப்பினால் அலைச்சல். எண்ணெய்க் குளியலும் மஞ்சளும் சாம்பிராணியும் உள்ள வீடுகளில் வைரம் சீக்கிரம் மங்கும், ஏனென்றால் பிசுக்கை இழுத்துப் பிடித்துக்கொள்வது அந்தக் கல்லின் குணம். சுரங்கத்தில் கூழாங்கல்லிலிருந்து வைரத்தைப் பிரிக்கவே கிரீஸ் தடவிய மேசைகளை வைத்திருந்தார்கள். வருடம் இரண்டு முறை கொண்டுவாருங்கள், சுத்தம் செய்து, கல் ஆட்டமும் திருகாணியும் பார்த்துத் தருகிறோம் என்று சொன்னால் எந்த இணையக் கடை போட்டிக்கு வர முடியும்?

சங்கத்துப் பொறுப்பாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வையுங்கள். சான்றிதழை எப்படிப் படிப்பது, ஆழம் 66 என்றால் என்ன பொருள், லூப்பை எப்படிப் பிடிப்பது, இவ்வளவுதான் பாடம். இடம் கொடுத்தால் ஒளியின் பகுதியை நானே வந்து நடத்துகிறேன், பணம் வேண்டாம். அப்புறம் ஒவ்வொரு கடையிலும் ஸ்பாட் விளக்கு இல்லாத ஒரு மூலை, அங்கே ஒரு டியூப்லைட், வெள்ளை அட்டை, பத்து மடங்கு லூப். நேர் வெயில் வேண்டாம், வெயிலில் நல்ல கல்லும் கறுத்துத்தான் தெரியும். வாசல் நிழலாக இருந்தால் அதுவே போதும்.

அக்காவிடம் பேசிவிட்டேன், இணையத்தில் இன்னும் பணம் கட்டவில்லை. கார்த்திகை தீபம் முடிந்ததும் மறுபடி கடைவீதிக்கு வருகிறோம். எங்களுக்குத் தேவை 30 சென்ட் வட்டக் கல் ஒரு ஜோடி. இயற்கைக் கல், எஃப் அல்லது ஜி கலர், வி.எஸ்.1, ஜி.ஐ.ஏ. எக்ஸலண்ட். மேற்சாய்வு 34-க்கும் 35-க்கும் இடையில், அடிச்சாய்வு 40.6-க்கும் 41-க்கும் இடையில், இரண்டு கல்லின் விட்டமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். உதிரியாகப் பார்த்த பிறகுதான் பதிக்கக் கொடுப்போம். எந்தக் கடை இதற்குச் சரி என்று சொல்கிறதோ அந்தக் கடையில் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.